ஒரு பிடி சொந்த முடி

லாகோஸ் நகரின் சுருலேரே பகுதியில் அச்சுச் சித்திரக்காரி எபியேரேயின் படங்களைப் பார்த்தவர்கள் குறைவு. அவள் முடிக்கு அலைகிற கதை மட்டும் தெருவுக்கே தெரியும். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் முடியை அழுத்தி, அமிலத்தில் அரிக்க விட்டு, கறுப்பு மை தடவித் தாளில் அச்செடுப்பாள். கறுப்புப் பெண்ணின் அடையாளம் தலையிலிருந்துதான் தொடங்குகிறது என்பது அவள் கொள்கை. ஆனால் எந்தக் கறுப்புப் பெண்ணும் அவளுக்கு முடி கொடுத்தால்தானே!

அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரிசிகாத்தின் முடிதிருத்தகம். வெட்டிய முடி தரையில் விழுந்ததுமே வாடிக்கைக்காரிகள் குனிந்து பொறுக்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். எவளாவது எடுத்துப்போய்ச் செய்வினை வைத்துவிட்டால்?

"பேங்க்ல மேனேஜரு, காலேஜ்ல வாத்தியாரு! மயிருக்குப் போய் பயப்படுறீங்களே, வெக்கமா இல்ல?" என்று எபியேரே வாசலில் நின்று வாரு வாரென்று வாருவாள்.

"வேணும்னா கீழ கெடக்குற சவுரிய அள்ளிக்கிட்டுப் போடி," என்பாள் ரிசிகாத். "அத யாரும் தேட மாட்டாங்க."

அள்ளினாள். பாதி சீனத் தொழிற்சாலை இழை. மீதி இந்தியக் கோயிலில் யாரோ மொட்டை போட்டது. பன்னிரண்டு படங்கள் தேறின. 'என் தாய்மாரின் தலைமுடி' என்று பெயர் வைத்தாள்.

பெர்லின் கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க மார்கிட் அம்மையார் வந்தார். பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

"ஒவ்வொரு இழையிலயும் உங்க முன்னோர் பேசுறாங்க!"

பேசியிருந்தால் சீன மொழியில் பேசியிருப்பார்கள். பத்து வருடம் காத்துக் கிடந்த வாய்ப்பு, எபியேரே வாயைத் திறப்பாளா? பணிவாகத் தலையாட்டினாள்.

"உங்களத்தான் எடுக்கப்போறோம். ஒண்ணே ஒண்ணு, உங்க சொந்த முடி ஒரு பிடி வேணும். கண்ணாடிப் பெட்டியில வெச்சு வாசல்லயே காட்டணும். அது இல்லாம இந்தப் படங்கள எடுத்துக்க முடியாது."

இவ்வளவுதானே என்று எபியேரே அவரைக் கீழே அழைத்துப் போனாள். ரிசிகாத் அவள் பின்னலை அவிழ்த்துக் கத்தரித்தாள். முடி தரையில் விழுந்தது. மார்கிட் கையுறை மாட்டி, பிளாஸ்டிக் பையை விரித்துக் குனிந்தார்.

எபியேரே முந்திக்கொண்டாள். மண்டியிட்டுச் சுருள் சுருளாகப் பொறுக்கினாள். நாற்காலிக் காலில் ஒட்டியதைக்கூட விடவில்லை.

"அப்போ பெர்லின்?" என்றார் மார்கிட்.

"வேற யாரையாவது பாருங்க மேடம். இது என் முடி."

அழுகை வந்தது. அதைவிட அதிகமாக வெட்கம் வந்தது. மூடிய கை மட்டும் திறக்கவில்லை.

ரிசிகாத் கிண்டல் செய்யவில்லை. இழுப்பறையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினாள்.

"கொல்லப்பக்கம் போய் எரி. ஒரு இழைகூட காத்துல பறக்காம பாத்துக்கோ."