குண்டூசி குத்திய எலுமிச்சம்பழம்

எங்கள் அத்தைக்குச் சூனியம் வைக்கத் தெரியும் என்று ஊரில் முடிவானது ஒரு சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய நாள் வரை அவளுக்கு மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைப் போடவும், மாடு கறக்கவும், வம்புக்கு வந்தவர்களை வாயாலேயே ஊர் எல்லை வரை விரட்டவும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

அத்தை, அப்பாவுக்கு அக்கா. பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில் எங்கள் ஊர். அவளை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவர் இறந்துபோய், பிள்ளையும் இல்லாமல், அவர் பங்குக்கு வந்த நிலத்தில் தனியாகப் பயிர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த நிலத்தில் ஒரு கிணறு இருந்தது. எந்தக் கோடையிலும் வற்றாது. பக்கத்து நிலம் அவளுடைய கொழுந்தனாருடையது. நான் அவரை மாமா என்பேன். அவருடைய போர்வெல்லில் பங்குனியிலேயே தண்ணீர் நின்றுவிடும். நிலத்தைத் தனக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு போய் இருக்கும்படி அவர் அத்தையிடம் நல்லவிதமாகச் சொல்லிப் பார்த்தார். அத்தையும் நல்லவிதமாகத்தான் மறுத்தாள். அவளுடைய நல்லவிதம் அடுத்த தெரு வரை கேட்கும்.

அந்த வருஷம் மாமாவுக்கு நேரம் சரியில்லை. மோட்டார் காயில் எரிந்தது. பசு ஈன்ற கன்று செத்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்து திண்டிவனத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. மகளை வீட்டுக்குக் கூட்டிவந்த கையோடு கூட்டேரிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குறிகாரரை வரவழைத்தார். யாரோ செய்வினை செய்து மண்ணில் புதைத்ததைத் தோண்டி எடுப்பார்கள். வைப்பு எடுப்பது என்று அதற்குப் பெயர். எனக்கு அப்போது பத்து வயது. அம்மாவும் நானும் அன்று அத்தையோடு அவள் நிலத்தில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தோம். குறிகாரர் உடுக்கை அடித்தபடியே நிலத்தைச் சுற்றிவந்து, இரண்டு நிலத்துக்கும் நடுவே இருந்த வரப்பில் ஓர் இடத்தில் நின்றார். அதே இடத்தில் மாமா மண்வெட்டியோடு அவருக்கு முன்பே வந்து நின்றிருந்தார். அவ்வளவு பக்தி.

தோண்டியதில் ஒரு மண் கலயம் வந்தது. உள்ளே கொஞ்சம் தலைமுடி, ஒரு செப்புத் தகடு, உடம்பெல்லாம் குண்டூசி குத்திய ஓர் எலுமிச்சம்பழம்.

"போன ஆடி அமாவாசை அன்னிக்கி பொதைச்சிருக்காங்க. அதுலேர்ந்து உங்க குடும்பத்த அரிச்சிக்கினு கீது" என்றார் குறிகாரர்.

யார் புதைத்தது என்று அவர் சொல்லவில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் திரும்பிப் பெருமூச்சு விட்டார். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

கலயத்தை மாரியம்மன் கோயில் வாசலுக்குக் கொண்டுபோனார்கள். அத்தைக்கு ஆள் வந்தது. எங்கள் பக்கத்து வழக்கம் இதுதான்: பழி விழுந்தவர் அம்மன் முன்னால் எரிகிற சூடத்தைக் கையால் தட்டி அணைத்து, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொய்ச் சத்தியம் என்றால் அம்மன் கேட்டுக்கொள்வாள். அத்தை மண்கையும் தூக்குவாளியுமாக வந்து நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு குழாயடிக்குப் போக அம்மா விடவில்லை.

"அண்ணி, சூடத்த அணைச்சி சத்தியம் பண்ணுங்க. இல்லாட்டி நெலத்த வுட்டுட்டு ஊர வுட்டுப் போய்டுங்க" என்றார் மாமா.

அப்பா அத்தையின் பக்கத்தில் போய்த் தணிந்த குரலில் பேசினார். "அக்கா, பேஜாரு வாணாம். ஜல்தியா ஒரு தட்டு தட்டிட்டு வந்துடு. முடிஞ்சிபோவும்."

"எப்படிடா முடியும்? நாளைக்கி இன்னொரு மோட்டாரு எரிஞ்சா, பொய் சத்தியம் பண்ணிட்டான்னு சொல்லுவாங்க. நான் ஒண்ணும் பண்ணல. பண்ணாதவ இன்னாத்துக்கு அணைக்கணும்? அணைக்க மாட்டேன்."

கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது. அத்தை அதைச் சட்டை செய்யாமல் கலயத்தின் முன்னால் குந்தினாள். கையை விட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்தாள். அவ்வளவுதான், சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அதுவரை செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். பழம் போன் வழியாகக்கூட வந்து பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தாரோ என்னவோ. அத்தை குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் தன் முந்தானையில் குத்திக்கொண்டாள்.

"எனக்கு ஆவும்" என்றாள்.

பூசணிக்காய் வெட்டக் குறிகாரர் கொண்டுவந்திருந்த கத்தி பக்கத்திலேயே கிடந்தது. அதையே எடுத்துப் பழத்தை இரண்டாக அரிந்தாள். தூக்குவாளியைக் கோயில் குழாயில் அலசித் தண்ணீர் பிடித்து அதில் பிழிந்தாள். சாறு விரலிடுக்கு வழியாகப் பீறிக்கொண்டு வந்தது. கூழுக்குத் தொட்டுக்கொள்ள மடியில் முடிந்துவைத்திருந்த உப்பைப் போட்டுக் கலக்கினாள். பிறகு குறிகாரரைப் பார்த்துக்கொண்டே மடக் மடக்கென்று குடித்தாள். குறிகாரர் உடுக்கையைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாதியில் நிறுத்தி வாயைத் துடைத்துக்கொண்டு, வாளியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினாள்.

"யாருக்குன்னா வேணுமா?"

அப்பாவிடம் நீட்டினாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் அம்மாவின் பிடியை உதறிக்கொண்டு ஓடிப்போய் வாளியை வாங்கி மீதியைக் குடித்தேன். பின்னாளில் இதைச் சிலர் என் தைரியம் என்று சொல்வார்கள். தாகம், அவ்வளவுதான். புளிப்பும் உப்புமாக நன்றாகவே இருந்தது. அத்தை எல்லோரையும் முறைத்துக்கொண்டே முந்தானையால் என் வாயைத் துடைத்தாள்.

அம்மா என்னை இழுத்துப்போய் மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டினாள், மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் என் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். காய்ச்சல் வரவேயில்லை. சிலருக்கு அதில் வருத்தம்தான். அத்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. உடனே ஊர் தெளிவுக்கு வந்தது: செய்வினைப் பழத்தைக் குடித்தும் ஒன்றும் ஆகவில்லையென்றால், வைத்தவள் அவளேதான். வெளிநாடுகளில் ஒரு காலத்தில் சூனியக்காரி என்று சந்தேகப்பட்ட பெண்ணைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்களாம். மூழ்கினால் நல்லவள், மிதந்தால் சூனியக்காரி. கல்லூரியில் இதைக் கேட்டு வகுப்பே சிரித்தபோது எனக்கு எங்கள் கோயில் வாசல்தான் ஞாபகம் வந்தது.

அத்தை ஊரை விட்டுப் போகவில்லை. நிலத்தையும் கொடுக்கவில்லை. கல்யாணங்களுக்கு அவளைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். அவள் வயலில் மல்லாட்டை திருடுவதையும் நிறுத்தினார்கள். கெட்ட பெயரில் ஒரு வசதி உண்டு என்று சொல்லி அத்தை சிரிப்பாள். இன்றைக்கும் அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பயிர் வைக்கிறாள்.

நான் இப்போது விழுப்புரத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் வாடகை வீட்டு அலமாரியின் மூலையில், வாங்கி மறந்துபோன எலுமிச்சம்பழம் ஒன்று கிடைத்தது. வாங்கிச் சில வாரங்கள்தான் இருக்கும். கூழாங்கல்லாக இறுகிப்போயிருந்தது. அரிந்து பிழிந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான், ஆடியில் புதைத்ததாகச் சொல்லிச் சித்திரையில் எடுத்த பழம் என் கண்முன்னால் பீறிட்டது. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு உடனே போன் செய்து சொன்னேன். பெரிய விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்ட அவசரம் எனக்கு. அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அது அப்பவே எல்லாருக்கும் தெரியும்டி. சாறு கொட்டறத பாத்துக்கினுதான இருந்தோம். யாரு வாயத் தொறக்கறது?"

எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. அப்பாவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியும். செல்போன் அண்ணனுக்கும் தெரியும். பிழிந்துகொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்த அத்தைக்கு, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்பதும் தெரியும். அந்தக் கூட்டத்தில் அது தெரியாமல் நின்றவள் நான் ஒருத்திதான். அவள் வாளியை நீட்டியபோது கை நீட்டியவளும் நான் ஒருத்திதான்.