தரகர் கடைக்குள் போன ரொட்டிக்காரர்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் ரொட்டிக்காரர்தான். விடிவதற்குள் மாவு பிசைந்து, அடுப்பிலிருந்து ரொட்டியை இறக்கி, சைக்கிளின் பின்னால் தட்டுகளை அடுக்கிக்கொண்டு கடை கடையாகப் போய்ப் போடுவார். வலது கையில் இரண்டு விரல் இல்லை. யாராவது கேட்டால், "மெஷின்ல மாட்டிக்கிச்சு" என்பார். எந்த மெஷின் என்று சொல்ல மாட்டார்.

மனைவிக்கு மட்டும் தெரியும். கல்யாணமான புதிதில், பக்கத்து வீட்டில் யாரோ சத்தமாகக் கூப்பிட, இவர் சோற்றுத் தட்டை அப்படியே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்றார். அன்றைக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாக எல்லாவற்றையும் சொன்னார்.

ஒருநாள் டீக்கடைக்கு ரொட்டி போடப் போனவர், எதிரே புதிதாகத் திறந்திருந்த கடையைப் பார்த்தார். வெளிநாட்டு வேலை என்று போர்டு. உள்ளேயிருந்து ஒரு குரல். "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை!"

தட்டு கையிலிருந்து நழுவி, ரொட்டியெல்லாம் தரையில் உருண்டது. முடி நரைத்துத் தொப்பை போட்டிருந்தாலும் அந்தக் குரல் மாறவே இல்லை. பல வருஷத்துக்கு முன்னால் இவரையும் அப்படித்தான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டு உட்கார வைத்தார் அந்தத் தரகர்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். அவள் தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என்ன செய்யப் போறீங்க?"

"போய்ச் சொல்லப் போறேன். அங்க உட்கார்ந்திருக்கிற பசங்ககிட்ட."

"கை நடுங்குதே?"

"நடுங்கட்டும். வாய் நல்லாத்தானே இருக்கு."

"அப்ப நானும் வரேன். சண்டைன்னு வந்தா உங்களைவிட எனக்குத்தான் வாய் ஜாஸ்தி" என்று செருப்பை மாட்டினாள்.

கடைக்குள் பெஞ்சு நிறைய இளைஞர்கள் இருந்தார்கள். தரகர் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. ரொட்டிக்காரர் பெஞ்சுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"தம்பிகளா, இந்த ஆளு எனக்கும் வேலை வாங்கிக் குடுத்தாரு. மீன் பதனிடுற கம்பெனின்னு சொல்லி ஏத்திவிட்டாரு. போய் இறங்கினா கம்பெனி இல்ல, படகு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கிட்டாங்க. 'உன்னை வாங்கியாச்சு'ன்னான் படகுக்காரன். ஆட்டை வாங்குறமாதிரி. கரைக்கே வராத படகு அது. வேற படகு வந்து மீனை எடுத்துக்கிட்டு அரிசி போட்டுட்டுப் போகும். உட்கார்ந்தா திருக்கை மீன் வாலாலே அடி. வலை இழுக்கிற மெஷின்ல விரல் போச்சு. துணியைச் சுத்திக்கிட்டு அன்னைக்கே வேலை பார்த்தேன்."

"யாருய்யா நீ? பைத்தியமா? வெளியே போ!" என்று தரகர் எழுந்தார். மனைவி மேசைக்கு முன்னால் போய் நின்றாள். "அவர் முடிக்கட்டும். நீங்க உட்காருங்க மாப்பிள்ளை" என்றாள். பெஞ்சில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

முன்னால் இருந்த நெட்டையன் கேட்டான். "ஓடி வந்திருக்கலாமே அண்ணே?"

"கடல்ல எங்கப்பா ஓடுறது?"

அதற்குமேல் யாரும் சிரிக்கவில்லை.

"என்கூட ஒருத்தன் இருந்தான். வாயாடின்னு கூப்பிடுவோம், ஓயாம பேசுவான். அவனையும் இந்த ஆளுதான் ஏத்திவிட்டாரு. காய்ச்சல்ல விழுந்தான். வேலைக்கு ஆகமாட்டான்னு தெரிஞ்சதும் தூக்கிக் கடல்ல போட்டாங்க. உயிர் இருந்துச்சு. நான் பார்த்தேன். அப்புறம் ஒருதரம் படகு ரிப்பேருக்காகக் கரைப்பக்கம் போனப்ப, செத்தாலும் பரவாயில்லன்னு மிதவையைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சேன். பிழைச்சுட்டேன். ஆனா இன்னைக்கும் கதவு சாத்தின அறையில எனக்குத் தூக்கம் வராது."

சிலர் எழுந்து வெளியே போனார்கள். சிலர் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தார்கள். "எனக்கு வேற வழி இல்லண்ணே" என்றான் நெட்டையன்.

ரொட்டிக்காரர் அவனைத் திட்டவில்லை. "நம்ம பேக்கரியில ஆள் தேவைப்படுது. வேலை கஷ்டம்தான், ஆனா சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம். யோசிச்சுப் பாரு" என்றார்.

அதற்குள் தரகர் கூப்பிட்ட போலீஸ் வந்துவிட்டது. கலாட்டா செய்கிறார்கள் என்று புகார். "நல்லதாப் போச்சு, நானே வரணும்னுதான் இருந்தேன்" என்று ரொட்டிக்காரர் ஜீப்பில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தார்.

ஸ்டேஷனில் பெண் இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். வாயாடி விஷயம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார். "உடம்பு கிடைக்கல, வேற சாட்சியும் இல்ல. அதைச் சேர்த்தா கேஸ் இழுக்கும். உங்களை ஏமாத்தினதை மட்டும் வச்சுக்கலாமே?"

"இழுக்கட்டும் மேடம். அவனையும் எழுதுங்க. அவனுக்குன்னு பேச நான் ஒருத்தன்தான் மிச்சம்."

இன்ஸ்பெக்டர் எழுதிய பிறகுதான் ரொட்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

கேஸ் இழுத்தது. தரகரின் வக்கீல், "மூணு வேளை சோறு போட்டாங்களா இல்லையா?" என்று மடக்கினார். "மாட்டுக்கும்தான் வைக்கோல் போடுறாங்க ஐயா" என்றார் இவர். இதற்கிடையில் பேப்பரில் செய்தியைப் பார்த்துவிட்டு, அதே தரகர் அனுப்பி வேறு படகுகளில் சிக்கித் தப்பிய இருவர் தேடிக்கொண்டு வந்தார்கள். மூவரும் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்.

ஆளை விற்ற குற்றத்துக்குத் தரகர் சிறைக்குப் போனார். வாயாடியின் சாவு தீர்ப்பில் இடம்பெற்றது. ஆனால் தூக்கிப் போட்ட படகுக்காரன் அகப்படவில்லை. விசாரணை தொடர வேண்டும் என்று மட்டும் நீதிபதி சொன்னார்.

கோர்ட் வாசலில் மனைவி கேட்டாள். "இனிமேலாவது நிம்மதியா இருப்பீங்களா?"

"பாதி நிம்மதி. படகோட நம்பர் எனக்கு மனப்பாடம். விசாரணை எதுவரைக்கும் வந்திருக்குன்னு வாராவாரம் போய்க் கேட்கப் போறேன்."

"போங்க. நானும் வரேன்" என்றாள் அவள்.