மாறாத திரை

தாராவியில் ஏஞ்சலோவின் கடைக்கு வருபவை பெரும்பாலும் செல்போன்கள். இருபது வருடமாக அவற்றைப் பிரித்து மாட்டியதில் ஒன்று அவன் கையில் ஊறிப்போயிருந்தது: போன வருடத்து உறுப்பு இந்த வருடத்துப் போனில் சேராது. மின்னூல் படிக்கும் கருவிகள் மாதத்துக்கு ஒன்று வந்தால் அதிகம்.

அந்தச் சனிக்கிழமை மாட்டுங்காவிலிருந்து ஸ்மிதா கொண்டுவந்தது அப்படியொரு கருவி, ஒன்பது வருடப் பழசு. ரயில் நெரிசலில் திரை நொறுங்கியிருந்தது. ஆய்வேட்டுக்காக ஏழு வருடம் எழுதிய குறிப்புகள் அதற்குள். கவனம் சிதறுமென்று அதை இணையத்தோடு சேர்த்ததே இல்லையாம். வேறெங்கும் பிரதி கிடையாது. கேபிள் போட்டுக் கணினிக்கு எடுக்க முதலில் பூட்டு எண்ணை அடிக்க வேண்டும். அடிக்கத் திரை வேண்டும். திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

அதே வருடத்துக் கருவி ஒன்று ஏஞ்சலோவின் பெட்டியில் கிடந்தது. பசை இளகட்டுமென்று, போனுக்குச் செய்வதுபோல் சூடான காற்றைக் காட்டினான். மூலையிலிருந்து கறை பரவி அந்தத் திரையும் செத்தது. தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னான். ஸ்மிதா கைப்பையின் வாரை முறுக்கியபடி நின்றாள்.

மிச்சமிருந்தது தண்ணீரில் விழுந்து வீணாகி, திரை மட்டும் பிழைத்திருந்த, போன வருடத்துக் கருவி. சேராது என்ற நினைப்போடுதான் பிரித்தான். இம்முறை சூடில்லாமல், மெல்லிய தகட்டை நூல் நூலாக நகர்த்தி. இரண்டு திரைகளின் பட்டை ஒயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அதே அகலம். அதே முனைகள்.

"இத்தனை வருஷமா ஒண்ணுமே மாத்தலையா, அண்ணா? என்ன கம்பெனி இது?"

"வாங்குனவங்க யாரு மேடம் திரும்பி வாராங்க? எழுத்து நல்லா தெரியுது, சார்ஜ் வாரக்கணக்கா நிக்குது. நீங்களே ஒம்பது வருசமா புதுசு வாங்கல. பின்ன யாருக்காவ மாத்துவான்? புஸ்தகம் வித்தா போதும் அவனுக்கு."

கம்பெனியின் சோம்பலைப் புகழ ஏஞ்சலோவுக்கு மனமில்லை. இப்போது அதைத்தான் நம்பியாக வேண்டியிருந்தது.

அந்தத் திரையின் பட்டையை ஸ்மிதாவின் கருவியில் சொருகிப் பொத்தானை அழுத்தினான். திரை முழுக்கக் கறுத்தது.

"போச்சா?"

"இருங்க."

பக்கம் மாறும்போது கறுத்து வெளுப்பது இந்தக் கருவிகளின் பழைய குணம் என்று அவனுக்குத் தெரியும். இருந்தும் பட்டையை விட்டு விரலை எடுக்கவில்லை. கறுப்பு வடிந்தது. எண் கேட்கும் கட்டங்கள் தெரிந்தன.

முதல் தடவை அவள் அவசரத்தில் எண்ணைத் தப்பாக அடித்தாள். இரண்டாம் தடவை திறந்தது. ஏஞ்சலோ கேபிளைக் கையில் தயாராக வைத்திருந்தான்.