காவல்காரர் முன்னால் பிடித்த விரால்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தனியாக மீன் பிடிக்கப் போவது எங்கள் சுரங்கக் கம்பெனி லைன் வீடுகளில் பலருக்கும் உறுத்தியது. மில்லில் வேலை செய்கிறவன் தனியாக எங்கே போனாலும் உறுத்தும். தங்கக் கல்லை மாவாக அரைக்கிற இடம் அது. ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது தலைமயிரைக்கூடக் கோதிப் பார்ப்பார்கள். அப்படியும் சிலர் அந்த மாவைக் கொண்டுபோய், ஆளில்லாத நீர்க்கரையில் தட்டில் போட்டு அலசித் தங்கம் எடுக்கிறார்கள் என்று பேச்சு. பிடிபட்டால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும்.

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. ஏரியில் யாரோடும் பேச வேண்டியதில்லை, அதற்காகத்தான் போனேன்.

அறுபதுகளின் கடைசி அது. மைசூர் மைன்ஸ் சுரங்கத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் நடந்தால் ஒரு சின்ன ஏரி வரும். அன்று காலை கரையோர ஈரத்தைத் தோண்டி, மண்புழுக்களை மண்ணோடு அலுமினியத் தட்டில் அள்ளினேன். தண்ணீர் மொண்டு, தட்டைச் சாய்த்துச் சுழற்றினேன். சேறு வழிந்து புழுக்கள் நின்றன. சேற்றோடு கோர்த்தால் புழு கையில் வழுக்கும்.

"இன்னாத்த அலசிகினு கீற?"

கரை மேட்டில் மைன்ஸ் காவல்காரர். மில் கேட்டில் தினமும் என்னைத் தடவிப் பார்க்கிறவர். இவ்வளவு தூரம் தற்செயலாக வருகிற ஆள் இல்லை. யாரோ சொல்லித்தான் வந்திருக்கிறார். யார் என்று இன்றுவரை எங்கள் லைனில் ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்க்கிறேன்.

"புழு, ஸார்."

"புழுவ எவன்யா கழுவுவான்? துன்னப் போறியா?"

குச்சியால் தட்டைக் கிளறினார். பையை உதறினார். அதிலிருந்து விழுந்த டப்பாவைத் திறந்ததும் ஒரு தவளை அவர் சட்டை மேல் தாவி ஓடிவிட்டது. இன்னொன்று டப்பாவிலேயே ஒண்டிக்கொண்டது.

"தவள எதுக்கு?"

"விராலுக்கு, ஸார்."

"எங்க விராலு? ஒரு மீனு கூட காணோமே. என்ன பாத்ததும் தட்டுல இருந்தத தண்ணில கொட்டிட்டியா?" பாறை மேல் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "மீன் புடிக்க வந்தவன்னா புடிச்சிக் காட்டு. இல்லன்னா என்கூட ஆபீசுக்கு நட."

புழுவைப் போட்டேன். கெண்டைகள் கொறித்துவிட்டுப் போயின. மறுபடி போட்டேன். மூன்றாவது பீடியும் முடிந்தது.

"இன்னா, மீனுங்களுக்கும் இன்னிக்கி லீவா?"

வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். வீட்டைக் காலி செய்யச் சொன்னால் எங்கே போவது என்று தெரியவில்லை.

கோரைப் புல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளித்துக்கொண்டிருந்ததை வந்தவுடனேயே பார்த்திருந்தேன். விரால் குஞ்சுகள். கீழே பெரிய விரால் காவல் இருக்கும். அதற்குப் பசி இல்லாவிட்டாலும் பக்கத்தில் எது வந்தாலும் கோபத்தில் கடிக்கும். அதனாலேயே குஞ்சோடு இருக்கிற விராலுக்கு நான் தூண்டில் போடுவதில்லை. யாரும் சொல்லித் தந்ததல்ல, எனக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

மிச்சமிருந்த தவளையைக் கோர்த்துக் குஞ்சுகளுக்கு அப்பால் வீசி, அவற்றின் நடுவே இழுத்தேன். இரண்டாவது இழுப்பில் தண்ணீர் வெடித்தது. மூங்கில் கழி வளைந்தது. முழங்கை நீள விரால் கரையில் வந்து விழுந்தது.

"அடேங்கப்பா!" என்று எழுந்தவர் உடனே முகத்தை மாற்றிக்கொண்டார். "வவுத்தக் கீறு."

கீறினேன். குடலைக் குச்சியால் புரட்டிப் பார்த்தார். பாதி செரித்த ஒரு கெண்டைதான் இருந்தது.

"சரி, மீன் புடிக்கிறவன்தான். போ" என்று மேட்டில் ஏறினார்.

எனக்கு மீனை எடுக்க மனம் வரவில்லை. குஞ்சுகள் அதே இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் தண்ணீர் சுழித்தது, பிறகு இன்னொரு பக்கம். வேறு மீன்கள் மேலே வந்து அவற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. மண்கட்டிகளை எடுத்துச் சுற்றிலும் எறிந்தேன். ஏழெட்டு எறிந்திருப்பேன். சிவப்புக் கூட்டம் கோரைக்குள் ஒதுங்கத் தொடங்கியது.

"டேய்! இன்னாத்தடா தண்ணில போட்ட?"

மேட்டிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"மண்ணு, ஸார்."

"எதுக்கு?"

மீன் குஞ்சுகளுக்குக் காவல் இருக்கிறேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றி, காக்கிக் கால்சட்டையை மடித்துக்கொண்டு கோரைக்குள்ளேயே இறங்கினார். இரண்டு கையாலும் துழாவி, அள்ளி, வெயிலில் பிடித்துப் பார்த்துப் பார்த்து எறிந்தார். வெறும் சேறு. மூச்சு வாங்கக் கரையேறினார்.

"நாளைக்கு வேலைக்கு வா. ஆனா உன் மேல ஒரு கண்ணு வெச்சிகினே இருப்பேன்."

வேலை போகவில்லை. நான் குனிந்து கலங்கிய தண்ணீரைப் பார்த்தேன். சிவப்பு எங்கும் தெரியவில்லை.

"நீ இன்னாத்த தேடுற?"

"மீன் குஞ்சு, ஸார்."

இந்த முறை சொல்லிவிட்டேன். அவர் நம்பவில்லை. நான் விராலை எடுத்துக்கொண்டு மேட்டைத் தாண்டும்வரை, ஈரக் காலோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.