மொறோக்கோவில எங்களுக்கு ஆருமில்லை

கேக் வெட்டுற கத்தியாலதான் என்ர மனிசன் படம் காட்டக் கட்டின திரையைக் கிழிச்சவர். பிடியில நான் கட்டின சிவப்பு ரிபனும் அப்பிடியே கிடந்தது. அவற்ற அம்பதாவது பிறந்தநாள், குவேக்கர்ஸ் ஹில்லில வாடகைக்கு எடுத்த ஹோல், சிட்னியில எங்களைத் தெரிஞ்ச சனம் முழுக்க அங்க.

எங்கட ஆக்களுக்கு ஹொலிடே எண்டால் என்ன? ரொறொன்ரோவில சித்தி வீடு, லண்டனில மாமா வீடு. உலகத்தைச் சுத்திப் பறந்து போனாலும் அதே புட்டு, அதே கத்தரிக்காய்க் குழம்பு, "மகளுக்கு இன்னும் ஒண்டும் பாக்கேல்லையோ?" எண்ட அதே கேள்வி. எனக்கு வெறுத்துப் போச்சு! ஒரு முறையாவது சூட்கேசுக்க ஆருக்கோ மிளகாய்த்தூள் காவாமல் போக வேணும் எண்டு நினைச்சனான்.

அப்பதான் ஃபோனில மொறோக்கோவைப் பாத்தனான். நீலம் அடிச்ச ஒழுங்கைகள், மண்சட்டியில அவிஞ்ச ஆட்டிறைச்சி, புதினாத் தேத்தண்ணி, கடற்கரை ஊர்கள். எல்லாத்தையும் விட எனக்குப் பிடிச்சது, அங்க எங்களுக்கு ஆருமில்லை. மகளும் நானும் அவருக்குத் தெரியாமல் ரிக்கெற் போட்டிட்டம். அதை வீட்டில வைச்சுச் சொல்லியிருக்கலாம். நாலு சனம் பாக்கக் காட்டாட்டி எங்களுக்குச் செமிக்காதே!

மாமி முன் வரிசையில வீல்செயரில இருந்தவ. அவவுக்கு ரண்டு பெடியள். ரண்டு பேரும் ஒண்டாத்தான் பிரான்சுக்கெண்டு வெளிக்கிட்டவை. என்ர மனிசன் வழியில பிடிபட்டு ஊருக்குத் திரும்பி, பிறகு என்னைக் கட்டி இஞ்ச வந்தவர். சின்னவன் போய்ச் சேந்து ஒரு வெள்ளைக்காரியோட இருக்கிறான், எங்களை மறந்திட்டான் எண்டுதான் இவர் சொன்னவர். பெத்த தாய்க்கு ஒரு ஃபோன் கோல் எடுக்காத நாய் எண்டு நான் அவனைத் திட்டாத நாளில்லை. மாமி மட்டும் எந்தப் பிறந்தநாளிலயும் அவனுக்கெண்டு ஒரு துண்டு கேக் எடுத்து வைப்பா.

அவர் கத்தியைக் கேக்கில வைக்க, திரையில படம் வந்தது. வெள்ளை மதில், நீல வள்ளங்கள், கடல். "டாட், வீ ஆர் கோயிங் டு மொறோக்கோ!" எண்டு மகள் மைக்கில கத்தினாள். சனம் கைதட்டிச்சுது.

கத்தி திரைக்குள்ள இறங்கினது. இழுத்துக் கிழிச்சார், திரும்பவும் குத்தினார். பிடிக்கப் போன என்ர தம்பிக்கு முழங்கையால ஒண்டு விழ, அவன்ர மூக்கு உடைஞ்சு வெள்ளை ஐசிங் எல்லாம் ரத்தம். மேசையை உதைச்சு விழுத்தினார். பிள்ளையளைத் தூக்கிக்கொண்டு சனம் கதவடிக்கு ஓடிச்சுது. எனக்குக் கோபம் தலைக்கேற, ஓடிப்போய்க் கன்னத்தைப் பொத்தி ஒண்டு குடுத்தனான். "நீங்களென்ன மனிசனோ? பிள்ளை ஆசையாச் செய்ததை!"

"அந்த மதிலடியிலதான்டி என்ர தம்பியை அடிச்சுக் கொலை செய்தவங்கள்!" எண்டு கத்தினார். "கடல் கொந்தளிக்குது, வள்ளத்தில ஏறமாட்டன் எண்டு அவன் சொன்னதுக்கு, எங்களைப் பிரான்சுக்கெண்டு கள்ளமாக் கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் இரும்புக் கம்பியால மண்டையில அடிச்சான். எங்கட தமிழன்! என்னை ரண்டு பேர் அமத்திப் பிடிச்சு வைச்சிருந்தாங்கள். தம்பியின்ர ரத்தம் என்ர வாய்க்குள்ள தெறிச்சது. அந்த ஊர் மீன்காரன் ஒருத்தன்தான் அழுதழுது குழி வெட்டி அவனைத் தாட்டவன்."

கத்தி கையால விழுந்திட்டுது. எல்லாரும் மாமியைப் பாத்தம்.

அவர் போய் அவவின்ர காலடியில விழுந்தார். மாமி அவற்ற தலைமயிரைப் பிடிச்சு உலுப்பி, முகத்தில, முதுகில, கை சோருமட்டும் அடிச்சா. "பாவி, உயிரோட இருக்கிறான் எண்டெல்லோ நான் நேர்த்தி வைச்சனான்!" அவர் அசையாமல் எல்லா அடியையும் வாங்கினவர். மகள் ஒரு மூலையில குந்தியிருந்து "சொறி, சொறி" எண்டு அழுதுகொண்டிருந்தாள்.

நான் போய் மாமியின்ர கையைப் பிடிச்சன். "ரிக்கெற்றைக் கான்சல் பண்ணிப்போடுறன், மாமி."

"பண்ணாதை," எண்டா. "எனக்கும் ஒண்டு போடு."

நாளைக்குப் பறக்கிறம். மாமி என்ர சூட்கேசுக்க ஒரு போத்தில் மிளகாய்த்தூள் வைச்சிருக்கிறா. சின்னவனுக்கு உறைப்பில்லாமல் சோறு இறங்காதாம்.