எஸ்தருக்காக யார் எழும்பி நிற்பது? கல்முனையில் ஒரு ஞாயிறு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போனேன். கடல் பார்ப்பதற்காக அல்ல, என் தோழி எஸ்தருக்காக. அவள் ஒரு திருநங்கை. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கிறாள். குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற அதே தேவாலயத்தில், எஸ்தர் என்ற பெயரோடு, சபைக்கு முன்னால் அந்த ஞானஸ்நானத்தை மீண்டும் உறுதிப்படுத்தப் போவதாகச் சொன்னாள். கூட வா என்றாள். வராமல் இருப்பேனா?

காலை ஆறு மணிக்கு பஸ். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், ஒன்றரை மணித்தியாலம். கடல் பக்கம் வேண்டுமானால் இடது யன்னலைப் பிடியுங்கள். எஸ்தர் வெளியே பார்க்கவே இல்லை. அவளுடைய கவலையெல்லாம் சின்னம்மாதான். ஞானஸ்நானத்தன்று அவளைக் கையில் ஏந்திய ஞானத்தாய் அவர். இவள் சேலை கட்டத் தொடங்கிய பிறகு முகம் கொடுத்துக் கதைத்ததில்லை.

பஸ் நிலையத்தில் ஒரு முஸ்லிம் அண்ணனின் ஓட்டோவைப் பிடித்தோம்.

“எங்க தங்கச்சி போகணும்?”

“சேர்ச்சுக்கு, நானா” என்றேன்.

ஓட்டோக்காரர் எஸ்தரின் பட்டுச்சேலையைக் கண்ணாடியில் பார்த்தார். “கலியாணமா?”

“இல்ல நானா. எனக்காக ஒரு துஆ செய்ங்க” என்றாள் எஸ்தர்.

“இன்ஷா அல்லாஹ், எல்லாம் நல்லா நடக்கும்.” முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். நியாயமான காசு.

கடலில் முழுக்கு இருக்கும் என்று நான் துவாய் கொண்டு போயிருந்தேன். எஸ்தரிடம் மாற்றுச் சேலையே இருந்தது. போதகர் சிரித்துவிட்டார். “ஞானஸ்நானம் ஒருக்காத்தான் பிள்ள. அண்டைக்கு எடுத்தது இண்டைக்கும் செல்லும். ஞானஸ்நானத் தொட்டித் தண்ணியத் தொட்டு, ஓம், இது என்ட எண்டு சபைக்கு முன்னால சொன்னாக் காணும். ஆனா அண்டைக்கு உன்னப் பிடிச்சவ பக்கத்தில வந்து நிற்கோணும். அது எங்கட வழக்கம்.” எஸ்தரின் முகம் வாடிவிட்டது.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெண்கள் பக்கத்து வாங்குப் பலகையில் யாராவது முகம் சுளித்தால் சண்டை பிடிக்கத் தயாராகவே போனேன். இரண்டு அக்காமார் அரக்கி இருந்து இடம் கொடுத்ததில் என் சண்டை வீணாய்ப் போயிற்று.

எஸ்தர் தொட்டியடிக்குப் போனாள். தண்ணீரைத் தொட்டாள். “ஓம், இது என்ட ஞானஸ்நானம்” என்றாள். குரல் நடுங்கவே இல்லை. சபையார் எல்லோரும், “நீ எங்கட சகோதரி, வா” என்றார்கள்.

“இந்தப் பிள்ளைக்கு ஆர் நிற்கிற?” என்று போதகர் கேட்டார்.

ஒருவரும் அசையவில்லை. பிறகு கடைசி வாங்கிலிருந்து நீலச் சேலையில் ஒருவர் எழும்பினார்.

“நான்தான் ஐயா. வேற ஆர் நிற்கிற?”

சின்னம்மா விறுவிறென்று முன்னால் வந்தார். செபத்துக்கு மற்றப் பெண்கள் எல்லோரும் முக்காடு போட்டிருக்க, எஸ்தர் மட்டும் வெறுந்தலையோடு நின்றாள். அவளுடைய முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுவிட்டார்.

“செபத்துக்கு முக்காடு போடோணும் எண்டு தெரியாதாகா? பிழை என்னிலதான். பொம்புளப் புள்ளைக்குச் சொல்லித் தாறதெல்லாம் நான்தானே சொல்லித் தந்திருக்கோணும்.”

நான் வாய்விட்டு அழுதேன். வெட்கமில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஆராதனை எட்டு மணிக்கு, செருப்பு வாசலில். ஞாயிறென்றாலும் கடைகள் திறந்திருக்கும். வெள்ளி மதியம் ஜும்ஆத் தொழுகைக்குத்தான் பூட்டு. உங்கள் சபையில் இப்படி ஒன்று செய்ய ஆசைப்பட்டால், போதகரோடு முதலே கதையுங்கள், பயப்படாதீர்கள்.

பின்னேர பஸ்ஸில் கூட்டமில்லை. பக்கத்து இருக்கையில் என் பையை வைத்துக்கொண்டு தனியே வந்தேன். எஸ்தரைச் சின்னம்மா விடவில்லை.