சாப்பிட்டாச்சு என்ற பொய்

இந்த மனிதர் என் கண்முன்னாலேயே பட்டினியில் செத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். அது 2004 தவக்காலம். கொலோன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் எனக்குப் பராமரிப்பு வேலை. யாக்கோப் ஐயா தொண்ணூறு தாண்டிய யூதர். நாஜிகளின் வதைமுகாமிலிருந்து மகனோடு உயிர்தப்பியவர். இப்போது கரண்டியைக் கொண்டுபோனாலே வாயை இறுக்கிக்கொள்வார். பாணை, அதுதான் ரொட்டியை, தலையணைக்குக் கீழே ஒளிப்பார். நாங்கள் நஞ்சு வைப்பவர்கள் என்பதுபோல ஒவ்வொருவராகப் பார்ப்பார்.

மகன் மார்ட்டினுக்கும் என்மேல் சந்தேகம். "அப்பாவை என்ன செய்தனீர்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அவ்வளவு பாசம் என்றால் நீரே இருந்து சாப்பாடு தீத்திவிடுமன் என்று மனதுக்குள் திட்டினேன். அவர் எதையோ மறைக்கிறார் என்றும் பட்டது.

மன்னார்க் கத்தோலிக்கனான எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஐயா சாப்பிட வேண்டும் என்று நேர்ந்து ஒருசந்தி பிடித்தேன். பொழுதுபடும்வரை தண்ணீர் மட்டும்.

"இஞ்சருங்கோ, அந்த மனுசனுக்கு முதல் நீங்கள் விழப்போறியள்" என்றாள் மனைவி.

மத்தியானத்தில் ஐயா கேட்பார்: "நீர் சாப்பிட்டனீரோ?"

"ஓம் ஐயா, சாப்பிட்டாச்சு."

யார் கேட்டாலும் எங்கள் ஆட்கள் சொல்லுகிற பதில்தானே. உடனே ஐயா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடுவார்.

பெரிய வெள்ளிக்கு முன்னர் ஒரு நாள், துணி வைக்கும் அறைக்குள் நின்று அழுதேன். ஆண்டவரே, இனி எனக்கு ஏலாது, நீரே வழிகாட்டும் என்றேன். கதவைத் திறந்தால் மார்ட்டின் நிற்கிறார். என் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கியது.

"அப்பா உம்மட்டை ஏதும் கேக்கிறவரோ?"

அவர் கேட்பதையும் என் பதிலையும் சொன்னேன். கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"முகாமிலை எனக்குப் பத்து வயது. அப்பா சாப்பிட்டாச்சு எண்டு சொல்லித் தன்ரை பாணை எனக்குத் தருவார். காவல்காரன் கண்டால் சுடுவான். பிறகு நானும் சாப்பிட்டாச்சு எண்டு சொல்லி, அந்தப் பாணை அவரின்ரை சட்டைக்குள்ளை ஒளிச்சு வைப்பன். ரெண்டு பேரும் பொய்தான். அந்த நாளிலை இருந்து அந்தச் சொல்லை அவர் நம்புறேல்லை. சொல்லுற ஆள் பட்டினி எண்டு நினைச்சுத் தானும் சாப்பிடமாட்டார். இப்பவும் நான் வந்தால் சாப்பிடாமலே அப்பிடித்தான் சொல்லுறன்."

நேரே ஐயாவிடம் போனேன்.

"ஐயா, நான் பொய் சொன்னனான். இண்டைக்கு ஒண்டும் சாப்பிடேல்லை."

"நானும்தான் அப்பா" என்றார் மார்ட்டின்.

ஐயா எங்களை நெடுநேரம் பார்த்தார். தலையணைக்குக் கீழிருந்து காய்ந்த பாணை எடுத்து மூன்றாகப் பிய்த்தார். நாங்கள் விழுங்கும்வரை எங்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் தானும் கடித்தார்.

என் ஒருசந்தி முறிந்தது. அது முறிந்தபோதுதான் என் செபம் கேட்கப்பட்டது. அந்தக் கோடை முழுவதும் ஐயா எங்களோடு இருந்தார், சாப்பிட்டார். ஆண்டவருக்கு நன்றி. அன்பானவர்களே, நீங்களும் அவரிடம் கேளுங்கள், ஆனால் உங்கள் வழியில்தான் தரவேண்டும் என்று நிற்காதீர்கள். இப்போது சாப்பிட்டாயா என்று யாராவது கேட்டால், பசித்தால் பசிக்கிறது என்றே சொல்கிறேன்.